கோடிட்ட இடம்

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் பொதுத்தமிழ் வினாத்தாளில் சரியான இணைப்புச் சொல்லைத் தேர்ந்தெடுக்கும் வினாக்கள் வருவதுண்டு. கோடிட்ட இடம் சிறியது. அதில் அமரும் சொல்லோ இரண்டு வாக்கியங்களின் உறவையே தீர்மானிக்கிறது. 'மழை பெய்தது, ஆனால் ஏரி நிரம்பவில்லை' என்பதில் ஓர் ஏமாற்றம் இருக்கிறது. 'மழை பெய்தது, எனவே ஏரி நிரம்பியது' என்றால் காரணம் முன்னே நடக்க, விளைவு பின்னே வருகிறது. 'ஏரி நிரம்பியது, ஏனெனில் மழை பெய்தது' என்னும்போது அந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது. 'மேலும்' எதையும் மறுப்பதில்லை, சேர்த்துக்கொண்டே போகும்.

அவசரத்தில் படித்தால் நான்கு விடைகளுமே காதுக்குப் பொருந்துவதுபோல் ஒலிக்கும். ஒலியை நம்பியவர் தடுமாறுகிறார். உறவைக் கண்டவர் நின்று விடை சொல்கிறார்.

தேர்வுக்குப் படிக்கும் தம்பி, தங்கைகளே, விடைகளை முதலில் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் வாக்கியம் முதல் வாக்கியத்துக்குத் துணை நிற்கிறதா, எதிர் நிற்கிறதா, அதன் காரணமா, விளைவா என்று உங்கள் சொந்தச் சொல்லில் சொல்லிப் பாருங்கள். அதன் பிறகு கையை எடுங்கள்.