சத்திரக்காரனுக்கு நன்றி சொன்னது யார்?



நல்ல சமாரியனின் உவமையை அறியாத கத்தோலிக்க இல்லம் ஒன்றும் இராது. ஞாயிறு மறைக்கல்வி வகுப்புகளில் பிள்ளைகள் அதை நடித்துக் காட்டுவார்கள். சமாரியனாக நடிக்கப் போட்டி. கள்வராக நடிக்க அதைவிடப் பெரிய போட்டி. கழுதையாகக் குனிந்து நிற்கக்கூட ஒரு சிறுவன் ஆவலோடு ஓடி வருவான். சத்திரக்காரனாக நிற்க மட்டும் எவருக்கும் விருப்பமில்லை. அவனுக்குப் பேச ஒரு வார்த்தைகூட இல்லையே!

ஆனால் லூக்காஸ் நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தைச் சற்று நிதானமாக வாசித்துப் பாருங்கள். சமாரியன் காயப்பட்டவனைச் சத்திரத்திற் சேர்த்து ஓர் இரவு கவனித்தான். மறுநாள் தன் வழியே போய்விட்டான். அதன் பின் புண்ணைக் கழுவிக் கட்டியது யார்? கஞ்சி காய்ச்சிப் பருக்கியது யார்? நடுச்சாமத்தில் முனகல் கேட்டு எழுந்து வந்தது யார்? அந்தச் சத்திரக்காரனே. அவன் கையிற் கிடைத்ததோ இரண்டு தெனாரியம். அக்காலக் கூலியாளின் இரண்டு நாட் சம்பளம். மிகுதிக்குக் கிடைத்தது வெறும் வாக்கு. அதுவும் யூதர் அறவே நம்பாத ஒரு சமாரியனின் வாக்கு. அந்த வாக்கை நம்பிக் கடன் கொப்பியில் எழுதிக்கொண்ட வியாபாரி அவன்.

சமாரியனின் இரக்கம் பெரிது. ஆனால் வழியிலே ஒரு சத்திரமும் அதில் ஒரு நல்ல மனிதனும் இல்லாதிருந்தால் அந்த இரக்கம் பாதி வழியிலேயே நின்றிருக்கும். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட 'பிரத்தெல்லி தூத்தி' சுற்றுமடலிலே இந்தச் சத்திரக்காரனை மறவாது குறிப்பிட்டிருப்பது நாம் சிந்திக்க வேண்டிய ஒன்றாகும்.

ஊரே ஒரு சத்திரம்

சத்திரக்காரனை நினைக்கும்போதெல்லாம் என் மனம் அறுகம்பேக்குப் போய்விடுகிறது. பொத்துவிலுக்குத் தெற்கே, களப்புப் பாலத்தைக் கடந்தால் உல்லை. கடலலையிற் சறுக்கி விளையாடும் வெளிநாட்டு இளைஞர் 1970களிலிருந்து அங்கு வரத் தொடங்கினர். வீட்டின் ஓர் அறையை ஒதுக்கி, ஒரு பாயும் ஒரு கோப்பைத் தேநீரும் கொடுத்துத் தொடங்கிய தொழில், பின்னர் விடுதிகளாகவும் கடைகளாகவும் வளர்ந்தது. முஸ்லிம்களும் தமிழரும் சிங்களவரும் அண்டை அயலாக வாழும் கரையது. ஊரே ஒரு சத்திரம் என்றால் மிகையாகாது.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை கடல் எழுந்து வந்தது. விடுதிகளும் கடைகளும் மீனவர் குடிசைகளும் தரைமட்டமாயின. பாலம் சேதமுற்றது; உல்லையும் அதற்கப்பால் பாணமையும் வடக்கிலிருந்து துண்டிக்கப்பட்டன. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். இலங்கையின் வேறெந்த மாவட்டமும் அத்தனை உயிர்களைப் பறிகொடுக்கவில்லை. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என்று ஊர்ப் பெயர்களைச் சொல்லும்போதே நெஞ்சு கனக்கிறது.

அந்த முதல் நாளிலே கடலிலிருந்து பிள்ளைகளை இழுத்தெடுத்தவர்கள் யார்? உலக நாடுகளின் கப்பல்களும் விமானங்களும் பின்னரே வந்தன. சுனாமி நிவாரணத்தை ஆராய்ந்து 2006இல் வெளிவந்த சர்வதேச மதிப்பீடு ஒன்று இதைத் தெளிவாகவே கூறியது: முதல் நாட்களில் உயிர் காத்தவர்கள் பெரும்பாலும் அந்தந்த ஊர் மக்களே. தோணி வைத்திருந்தவன் தோணியைத் தள்ளினான். லொறி வைத்திருந்தவன் பிணத்தையும் நோயாளியையும் ஏற்றினான். கடையில் அரிசி மிஞ்சியிருந்தவன் மூட்டையை அவிழ்த்தான். பள்ளிவாசல்களும் கோவில்களும் தேவாலயங்களும் பாடசாலைகளும் சாதி சமயம் பாராது கதவு திறந்தன.

அறுகம்பேயின் புதிய பாலம் அமெரிக்க உதவியுடன் கட்டப்பட்டு 2008இல் திறக்கப்பட்டது. உதவிய தேசத்தை நன்றியோடு நினைப்பது முறையே. ஆனால் பாலம் இல்லாத நாட்களில் தோளையே பாலமாக்கியவர்களின் பெயர் எந்தக் கல்லிலே பொறிக்கப்பட்டிருக்கிறது?

பெயர் சொல்லி நன்றி கூறிய திருச்சபை

அன்பர்களே, டிசம்பர் 26 திருச்சபையின் நாட்காட்டியிலே புனித முடியப்பரின் திருநாள். அவரை முதல் வேதசாட்சியாகவே நாம் நினைக்கிறோம். கல்லெறியுண்டு இறக்குமுன் அவர் செய்த வேலை என்ன? பந்தியில் உணவு பரிமாறிய வேலை! எருசலேமிலே கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாடப் பங்கீட்டிற் புறக்கணிக்கப்பட்டதாக முறைப்பாடு எழுந்தது. மொழியினால் வந்த பிணக்கு, நமக்குப் புதியதல்ல. அப்போஸ்தலர் அந்த முறைப்பாட்டை அமுக்கிவிடவில்லை. சபையார் தெரிந்தெடுத்துத் தம் முன்னே நிறுத்திய நம்பத்தக்க ஏழு பேர் மேல் கைகளை வைத்துச் செபித்தார்கள். ஏழு பேரின் பெயர்களும் வேதாகமத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. ஏழும் கிரேக்கப் பெயர்கள். சோறு பரிமாறுபவனுக்குத் திருச்சபை அளித்த முதல் மரியாதை அது.

புனித சின்னப்பரும் அவ்வாறே. உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் கடைசி அதிகாரத்தைப் பலர் வெறும் பெயர்ப் பட்டியலென்று தாண்டிப் போகிறார்கள். அது நன்றிப் பட்டியல். அதில் பிரிஸ்காவும் அக்கில்லாவும் வருகிறார்கள். கூடாரம் செய்யும் தொழில் நடத்திய கணவனும் மனைவியும். அவர்கள் தம் உயிரையும் பொருட்படுத்தாது தமக்கு உதவினர் என்றும், தாம் மட்டுமன்றிப் புறவினத்தாரின் சபைகள் அனைத்துமே அவர்களுக்குக் கடன்பட்டிருக்கின்றன என்றும் அப்போஸ்தலர் எழுதுகிறார். ஆகவே தொண்டரையும் தொழில் நடத்துவோரையும் பெயர் சொல்லிப் பாராட்டுவது புதிய நாகரிகமன்று. வேதாகமம் காட்டிய வழக்கம்.

இரண்டு சமாரியர்

இப்பொழுது ஒரு கசப்பான கேள்வி. நாம் யாரைப் பாராட்டுகிறோம்?

லூக்காஸ் இரண்டு சமாரியரைப் பற்றி எழுதுகிறார். பத்தாம் அதிகாரத்துச் சமாரியன் உதவி செய்கிறான். பதினேழாம் அதிகாரத்துச் சமாரியன் நன்றி சொல்கிறான். குணமான தொழுநோயாளர் பத்துப் பேர், திரும்பி வந்து பாதத்தில் விழுந்தவன் ஒருவன், அவனும் அந்நியன். மற்ற ஒன்பது பேர் எங்கேயென்று ஆண்டவர் கேட்டார். அந்தக் கேள்வி இன்றும் பதிலின்றி நிற்கிறது. உதவுவதிலும் நன்றி சொல்வதிலும் 'வேற்று மனிதன்' முந்திக்கொண்டான், நம்மவர் பின்தங்கினர்.

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் ஆலயத்திலும் கொழும்பு ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. 260க்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. ஆறிவிட்டது என்று சொல்ல எனக்கு உரிமையுமில்லை. ஆனால் ஐந்து நாட்களின் பின், ஏப்ரல் 26 இரவு, சாய்ந்தமருதில் நடந்ததையும் நினையுங்கள். அங்கு ஒரு வீட்டில் வந்து தங்கியிருந்த புதியவர்களைச் சந்தேகித்து அதிகாரிகளுக்குத் தகவல் கொடுத்தவர்கள் அவ்வூர் முஸ்லிம் மக்களே. பாதுகாப்புப் படையினர் சுற்றி வளைத்தபோது உள்ளே இருந்தவர்கள் வெடித்துச் சிதறினர். அந்தக் குண்டுகள் வேறெங்கே போய்ச் சேர்ந்திருக்குமோ, யாரறிவார்? அந்த ஆண்டில் முஸ்லிம் கடைவாசலை மிதியாது கடந்து போன கத்தோலிக்கர் உண்டு. சாய்ந்தமருது மக்களுக்கு நன்றி சொல்லப் போனவர் எத்தனை பேர்?

1990ஆம் ஆண்டின் ஓகஸ்ட் மாதத்தை இக்கரையில் எச்சமூகமும் மறக்கவில்லை. முஸ்லிம்களும் அழுதனர், தமிழரும் அழுதனர். அம்மாதம் 15ஆம் நாள், தேவமாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பிய இயேசு சபைக் குரு யூஜின் ஹேபேட் அடிகளாரும் அவரோடு வந்த இளைஞரும் காணாமற் போயினர். அடிகளாருக்கு நாம் பொன்னாடை போர்த்தவுமில்லை. கல்லறை கட்டவும் இயலவில்லை. இத்தனை துயரின் நடுவிலே ஒருவருக்கொருவர் நன்றி சொல்வது எளிதன்று. எளிதல்லாததனாலேயே அது கிறிஸ்தவச் செயலாகிறது.

நன்றி சொல்ல வாய்ப்பு நாடோறும் வருகிறது. 2024 நவம்பர் 26 அன்று காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியை வெள்ளம் மூடியிருந்தபோது, மத்ரஸாவிலிருந்து வீடு திரும்பிய மாணவரை ஏற்றிய உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டது. பிள்ளைகள் பலர் மாண்டனர். படையினரோடு சேர்ந்து ஊர் இளைஞரும் அந்த வெள்ளத்தில் இறங்கித் தேடினர். சம்பளமில்லை, சான்றிதழுமில்லை.

பொன்னாடையும் கணக்கும்

பாராட்டு விழாக்களில் ஓர் ஆபத்தும் உண்டு. மேடையிலே பொன்னாடை, கேடயம், 'சமூகஜோதி' பட்டம். ஆயிரக்கணக்கிற் பணம் தந்த முதலாளி முன்வரிசையில். மூன்று நாள் கிடாரம் கழுவிய பெண்கள் சமையற்கட்டில். தருமம் செய்யும்போது தாரை ஊதாதே என்று ஆண்டவர் எச்சரித்தார். ஊதுவது கொடுப்பவனின் குற்றமானால், அவன் கையிலே தாரையைக் கொடுத்து ஊதச் சொல்வது நமது குற்றமல்லவா?

இன்னொன்று. வேலையாளின் கூலியைப் பிடித்துவைத்துக்கொண்டு கோவிலுக்கு விளக்குக் கொடுப்பவனைப் புனித யாகப்பரின் திருமுகம் கடுமையாகவே கண்டிக்கும். மீனவன் தோணி இழுக்கும் கரையை வேலியிட்டு அடைத்துவிட்டு மீனவர் சங்கத்துக்கு நன்கொடை கொடுப்பதும் அவ்வகையே. வியாபாரியின் முதலாவது சமூகத்தொண்டு நேர்மையான தராசு. இரண்டாவது முறையான கூலி. நன்கொடை அதற்குப் பிறகுதான். சத்திரக்காரன் மேடை ஏறவில்லை. தன் சத்திரத்தை ஒழுங்காக நடத்தினான். அதுவே ஓர் உயிரைக் காத்தது.

ஆகவே இவ்வருடம் முடியப்பர் திருநாளிலே நம் குடும்பங்கள் மூன்று காரியங்களைச் செய்யலாம். முதலாவது, இரவுச் செபமாலை முடிந்ததும் தாய் தந்தையர் பிள்ளைகளுக்கு ஒரு பெயராவது சொல்லட்டும்: நம் வீட்டுக்கு ஆபத்தில் உதவியவர் இன்னார், அவர் கடை இன்ன தெருவில் என்று. இரண்டாவது, அந்தக் கடைக்கோ வீட்டுக்கோ பிள்ளைகளையும் கூட்டிச் சென்று, ஒரு துண்டு கிறிஸ்மஸ் கேக்கோடு வாய் திறந்து நன்றி சொல்லுங்கள். அவர் முஸ்லிமானால் என்ன, சைவரானால் என்ன, பௌத்தரானால் என்ன? மூன்றாவது, பங்குகளிலே விழா எடுப்பதானால், சாக்குத் தூக்கியவரையும் சவக்குழி வெட்டியவரையும் நடுச்சாமத்தில் நோயாளியைக் கல்முனை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் சென்ற முச்சக்கர வண்டிக்காரரையும் முன்வரிசையில் இருத்துங்கள்.

வேதபாரகராகிய புனித அகுஸ்தினார், அந்த உவமையின் சத்திரம் திருச்சபையே என்று விளக்கம் சொன்னார். அப்படியானால் சத்திரக்காரர் நாமே. நம் கையிலும் இரண்டு காசு தரப்பட்டிருக்கிறது. வாசலிலே காயப்பட்டவனும் கிடத்தப்பட்டிருக்கிறான். மேலே செலவாவதை ஆண்டவர் திரும்பி வரும்போது தீர்ப்பார்.

இரக்கமுள்ள ஆண்டவரே, எங்களைக் கரை சேர்த்த கைகளை நாங்கள் மறந்துபோனதை மன்னியும். அந்தக் கைகள் எந்தச் சமயத்தவருடையனவாயினும் அவற்றை ஆசீர்வதியும். ஆமென்.