பாதப் புண்ணும் பழவினையும்

நெடுவழி நடக்கும் யாத்திரிகர் ஒருவர்க்குக் காலில் புண் உண்டாகிறது. அதற்குக் காரணம் செருப்பா, முன்வினையா? சிறுபிள்ளை கேட்கும் கேள்வி போலத் தோன்றும் இதனை இவ்விதழில் எழுப்ப யாம் நாணவில்லை. ஏனெனில், இதைவிடப் பெரிய புண்கள் பலவற்றுக்கு 'முன்வினை' என்னும் ஒரே மருந்தைத் தலைமுறை தலைமுறையாக நம் முன்னோர்க்குக் கொடுத்து வந்தனர். சேரியில் பிறந்தது வினை, கிணற்றில் நீர் மொள்ளக் கூடாதது வினை, பிள்ளை பட்டினியால் இறந்தது வினை. அம்மருந்தைத் துப்பிவிட்டே நாம் திரிசரணம் அடைந்தோம். ஆயினும் அதன் கசப்பு நாவை விட்டு முற்றும் நீங்கிற்றா என்பதே இங்கு ஆராயத்தக்கது.

புத்த கயையினின்று சாரநாத்துக்கு மார்கழியில் யாம் பதினொருவர் கால்நடையாகச் சென்றோம். ஏறக்குறைய 250 கிலோமீட்டர் வழி. போதி எய்திய பகவன், தம் பழைய தோழர் ஐவர்க்கு அறம் உரைக்க உருவேலையினின்று இசிபதனம் நோக்கி நடந்த திசை அது. அந்நடையே தடங்கலோடுதான் தொடங்கிற்று என்பதை அன்பர்கள் நினைவிற்கொள்ள வேண்டும். கயைக்கும் போதி மரத்துக்கும் இடையே உபகர் என்னும் ஆசீவகத் துறவி பகவனை எதிர்ப்பட்டார். அவர் முகத்தின் தெளிவைக் கண்டு வியந்து, யாரிடம் கற்றீர் என வினவினார். பகவன் தாம் பெற்ற ஞானத்தைச் சொன்னபோதோ, அப்படியும் இருக்கலாம் என்று தலையை அசைத்து வேறு பாதையில் போய்விட்டார். எல்லாம் ஊழின்படியே நடக்கும், முயற்சியால் ஆவது ஒன்றுமில்லை என்பது ஆசீவகர் கொள்கை. முதன்முதல் எதிர்ப்பட்டவரே கேளாமற் சென்றார். பகவன் திரும்பிவிடவில்லை, மேலே நடந்தார்.

எமக்கு நேர்ந்தது மிகச் சிறிய தடங்கல். எம்முள் மூத்தவர், கோலார் தங்கவயல் சுரங்கத்தில் உழைத்து ஓய்ந்த 72 வயதுப் பெரியவர். இரண்டாம் நாள் மாலை ஷேர்காட்டியில் தங்கியபோது அவர் இரு குதிகாலிலும் கொப்புளம் கண்டிருந்தது. அதை யாருக்கும் காட்டாமல் துணியால் சுற்றிக்கொண்டு மேலும் இரண்டு நாள் நடந்தார். பீகாரின் ஔரங்காபாத் நகரை அடைந்த இரவில் செருப்பைக் கழற்றியபோது துணி தோலோடு ஒட்டி வந்தது. அப்போது எம்முள் இளைஞர் ஒருவர், "போன பிறவியில் யாரை மிதித்தீர்களோ, தாத்தா!" என்றார். பரிகாசமாகத்தான் சொன்னார். சிலர் சிரித்தோம், யாமும் சிரித்தோம் என்பதை மறைப்பதற்கில்லை.

பெரியவர் ஒன்றும் பேசவில்லை. விளக்கணைத்த பின்னர், பக்கத்தில் படுத்திருந்த எம்மிடம் மெல்லச் சொன்னார்: "இந்தப் பேச்சு பேசினவங்களை விட்டு விலகித்தானே நாம பஞ்சசீலம் எடுத்தோம்?"

அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. யாத்திரைக்கு முன் அனைவர்க்கும் அனுப்பிய குறிப்பில், உறுதியான புதுச் செருப்பு வாங்கிக்கொள்க என எழுதியது எம் கையே. பழகாத புதுச் செருப்பு நெடுநடையில் கடிக்கும் என்பதைத் தெருவில் செருப்புத் தைக்கும் எவரும் சொல்லியிருப்பர், யாம் கேட்கவில்லை. நாளொன்றுக்கு 22 கிலோமீட்டர் என வகுத்தவரும் யாமே. 72 வயதுக் காலை நினைத்து வகுத்த கணக்கன்று அது; மார்கழிப் பௌர்ணமிக்குச் சாரநாத் சேர வேண்டும் என்னும் ஆசையால் வகுத்த கணக்கு. ஆக, அப்புண்ணுக்கு உரியவர் கண்முன்னே இருந்தோம். அவ்வாறிருக்க, யாரும் காணாத பிறவி ஒன்றின்மேல் அது சுமத்தப்பட்டது. சுமத்தியதால் எவர்க்கு ஆதாயம்? எமக்கே. நகைப்போடு நகைப்பாக எம் பிழை மறைந்தது. வினைக் கொள்கை நம் மக்கள்மேல் ஏவப்பட்ட வகை முழுவதும் இச்சிறு நிகழ்ச்சியில் அடங்கியிருப்பதாக எமக்குத் தோன்றிற்று.

சம்யுத்த நிகாயத்தில் மோலிய சிவகர் என்னும் பரிவிராசகர் இதே வினாவைப் பகவனிடம் கேட்கிறார். மனிதன் நுகரும் இன்பதுன்பம் யாவும் முன் செய்த வினையாலேயே வருவன என்று சிலர் கூறுகின்றனரே, தாங்கள் யாது கூறுகிறீர் என்பது கேள்வி. பகவன் எட்டுக் காரணங்களை எண்ணுகிறார். பித்தம், சிலேத்துமம், வாதம், அம்மூன்றின் கூட்டு, பருவ மாற்றம், உடலைத் தகாத முறையில் நடத்துதல், பிறர் தாக்குதல், இறுதியாக வினையின் விளைவு. ஆகவே எல்லாம் வினையே என்போர், தாமே அறியக்கூடியதையும் உலகம் மெய்யென ஒப்புவதையும் கடந்து பேசுகின்றனர் என்று மறுக்கிறார். எம் பெரியவரின் புண் ஆறாவது வகையைச் சேர்ந்தது என்பதில் ஐயம் என்ன?

இங்கே ஒரு தடை எழும். எட்டனுள் வினையும் ஒன்றாக எண்ணப்பட்டுள்ளதே. இப்புண் அவ்வகையது அன்றென எவ்வாறு துணிவது? நியாயமான தடையே. வினையும் அதன் விளைவும் இல்லையென்று தம்மம் சொல்லவில்லை; செயலுக்குப் பயன் உண்டென்பது அதன் அடித்தளம். ஆனால் வினைவிளைவின் நுட்பத்தை, எண்ணத்தால் எட்டக் கூடாத நான்கனுள் ஒன்றாக அங்குத்தர நிகாயத்தில் பகவன் வைத்துள்ளார். அதைத் துருவுபவன் சித்தம் கலங்குவான் என்றும் எச்சரித்துள்ளார். தன் வினையையே அளக்க மாட்டாதவன் அடுத்தவன் வினையை அளந்து தீர்ப்புக் கூறுவது எங்ஙனம்? பாபாசாகேப் அம்பேத்கர், 1957-இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் மேலும் ஒரு படி செல்கிறார். ஏழையும் தாழ்த்தப்பட்டவரும் அந்நிலையில் இருப்பதற்கு அரசும் சமுதாயமும் பொறுப்பல்ல என விலகிக்கொள்ளவே முற்பிறவி வினைக் கொள்கை பயன்பட்டது என்கிறார். எம் சிரிப்பும் அவ்வகைப் பொறுப்பு விலகல்தான்.

மறுநாள் காலையில் வேறொரு சிக்கல். பெரியவர் வண்டியேற மறுத்தார். நடப்பதாக உறுதி பூண்டு வந்தவன் வண்டியில் போனால் அது யாத்திரையாகுமா என்றார். யாம் வினயபிடகத்து மகாவக்கத்தில் உள்ள ஒரு செய்தியைச் சொன்னோம். பகவனைத் தரிசிக்கச் சாவத்திக்கு நடந்த பிக்கு ஒருவர் கோசல நாட்டு வழியில் நோயுற்று ஒரு மரத்தடியில் அமர்ந்துவிட்டார். வழிப்போக்கர் வண்டியில் ஏறுமாறு அழைத்தும், வாகனம் விலக்கப்பட்டதென்று அவர் ஏறவில்லை. செய்தி பகவனுக்கு எட்டிற்று. அவர் அப்பிக்குவின் உறுதியைப் புகழ்ந்து கொண்டிராமல், நோயுற்றோர் வாகனத்தில் ஏறலாம் என விதியையே திருத்தினார்.

பெரியவர் பாதியே இணங்கினார். "நான் மட்டும் ஏறினால் நொண்டி என்ற பெயர்தானே மிஞ்சும்?" என்றார். இதற்கும் மகாவக்கத்தில் விடை உண்டென்பது அப்போதுதான் எம் நினைவுக்கு வந்தது. மெல்லிய பாதமுடைய சோண கோளிவீசர், தியான நடை நடந்து நடந்து நடைபாதை முழுவதும் இரத்தமாக்கினார். வீணை நரம்பை மிக முறுக்கினாலும் இசை இல்லை, மிகத் தளர்த்தினாலும் இசை இல்லை என அவர்க்குப் பகவன் உணர்த்தியது நம்மவர் பலரும் அறிந்ததே. அதன் பின் நடந்ததைப் பலர் சொல்வதில்லை. ஒற்றைத் தோல் செருப்பு அணிந்துகொள்ளுமாறு பகவன் அவர்க்கு அனுமதி தந்தபோது சோணர் தயங்கினார். எண்பது வண்டிப் பொன்னைத் துறந்து வந்தவன் இப்போது செருப்பைப் பற்றிக்கொண்டான் என்று உலகம் பேசும். சங்கத்தார் அனைவர்க்கும் அனுமதித்தால் அணிவேன் என்றார். பகவன் அனைவர்க்கும் அனுமதித்தார். இரக்கத்தால் ஒருவனுக்கு மட்டும் விலக்கு அளித்தால் அவன் தலை குனியும். விதியையே எல்லார்க்கும் இளக்கினால் குனிய வேண்டியவர் இலர்.

ஆதலின், அன்று அவர் ஒரு துணைவரோடு ஷேர் ஆட்டோவில் சோணை நதிக் கரைவரை செல்வதென்றும், அங்கிருந்து எல்லாரும் நாளுக்கு 15 கிலோமீட்டர் மட்டுமே நடப்பதென்றும் முடிவாயிற்று. மூன்று கிலோமீட்டர் நீளமுள்ள சோணைப் பாலத்தை நடந்தே கடப்பேன் என்றார். பழைய ரப்பர்ச் செருப்போடு அவர் முன்னே செல்ல, யாம் அவர் நடைக்கு நடந்தோம். கடக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று.

சாசாராமில் ஒரு நாள் முழுவதும் ஓய்வு. அவ்வூர்க் குன்றில் அசோக மன்னரின் சிறு பாறைச் சாசனம் ஒன்று உள்ளது. தாம் 256 இரவுகள் பயணத்திற் கழித்ததை மன்னர் அதிற் குறித்துள்ளார் என்பர் ஆராய்ச்சியாளர். உயர்ந்தோர்க்கு மட்டுமன்று, எளியோர்க்கும் முயற்சியால் மேனிலை எய்தக் கூடும் என்பது சாசனத்தின் சாரம். பெரியவரால் ஏற இயலாது. ஆகவே எவரும் ஏறவில்லை. அடிவாரத்தில் இருந்தவாறே அதன் பொருளை வாசித்தோம். வாசித்தவர் ஔரங்காபாதில் பரிகாசம் செய்த அதே இளைஞர். வாசித்து முடித்து, பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டார். நீ விளையாட்டாகச் சொன்னாய், என் காதுதான் பழைய காது என்றார் பெரியவர்.

உணவளித்த சுந்தனைப் பகவன் காத்த விதம் எமக்கு அப்போது புலப்பட்டது. 80 வயதில், குசிநாரைக்கு நடக்கும் வழியில், சுந்தன் இட்ட உணவுக்குப் பின் கடும் நோய் கண்டது. உடல் சோர்ந்து, மேலாடையை நான்காக மடித்து விரிக்கச் சொல்லி அமர்ந்த அந்நிலையிலும் பகவன் அவனை மறக்கவில்லை. உன் உணவால்தான் ததாகதர் மறைந்தார், இது உன் தீப்பேறு என்று எவரேனும் சுந்தனிடம் சொல்லக் கூடும். அச்சொல் அவனைச் சுடாதிருக்கும்படி தேற்றுக என ஆனந்தரிடம் முன்கூட்டியே பணித்தார். அவர் நடையின் இறுதி நாளிலும் காவல் செய்யப்பட்டது ஒரு சொல்லுக்கு எதிராகவே.

மோகனியாவைக் கடந்து மேற்கே சென்றால் கர்மநாசை நதி. பீகாருக்கும் உத்தரப் பிரதேசத்துக்கும் அங்கே அதுவே எல்லை. பெயரைக் கேட்டதும் எமக்கு நகைப்பு வந்தது; தேநீர்க் கடைக்காரரோ நகைக்கவில்லை. அந்நீர் மேலே பட்டால் யாத்திரையில் ஈட்டிய புண்ணியம் அனைத்தும் அழியும், பாலத்தின் வழியே போய்விடுங்கள் என்று அன்போடு எச்சரித்தார். சாபத்தால் சண்டாளனாகி, வானத்தில் தலைகீழாகத் தொங்கிய திரிசங்குவின் வாய்நீரிலிருந்து அந்நதி பிறந்ததாம். ஒரு மன்னன் சண்டாளனானதால், ஒரு நதியே தீண்டத்தகாததாயிற்று! இக்கதையைக் கேட்ட பெரியவர் நேராகக் கரைக்கு இறங்கிவிட்டார்.

அவரைத் தடுத்தவர் அவ்விளைஞரே. "புண்ணியம் போனால் போகட்டும், தாத்தா; புண்ணில் அழுக்குத் தண்ணீர் பட்டால் சீழ் பிடிக்கும்" என்று கையைப் பற்றிக்கொண்டார். புட்டியில் இருந்த காய்ச்சிய நீரால் குதிகால்களைக் கழுவி மருந்திட்டுக் கட்டினார். ஆற்று நீரைப் பெரியவர் இரு கையாலும் அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார். மற்றவர் முழங்கால் ஆழம் இறங்கி நின்றோம்.

சாரநாத்தை அடைந்தபோது பௌர்ணமி கழிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. எமக்குச் சிறிது வருத்தமே. பாவாவிலிருந்து வந்த முப்பது பிக்குகளும் இவ்வாறே மழைக்காலத்துக்கு முன் சாவத்தி சேர மாட்டாமல், ஆறு யோசனை தொலைவில் சாகேதத்தில் தங்கி ஏங்கினர். பின்னர் நனைந்த சீவரத்தோடு சேற்றில் நடந்து பகவனிடம் சேர்ந்தனர். அவர் பொருட்டே கடின சீவர விதி தோன்றிற்று. இதைச் சொல்லி எம்மை யாமே தேற்றிக்கொண்டோம்.

தமேக் தூபத்தை வலம் வருகையில், கால் எப்படி இருக்கிறது, தாத்தா, என்று இளைஞர் கேட்டார். எரிகிறது, நட என்றார் பெரியவர்.