சூற்பூனையும் சைவ இல்லமும்

உயிர்கள் அனைத்தும் இயல்பால் ஒரு தன்மையனவே. உடம்பு வேற்றுமை வினை வேற்றுமையால் ஆயது என்பது நம் சித்தாந்தத் துணிபு. இதனை ஒப்புக்கொள்ளுதலில் நம்மவருள் ஒருவர்க்கும் தடையில்லை. தடை தோன்றுவது, அவ்வுயிர்களுள் ஒன்று நம் வாயிற்படியில் வந்து நிற்கும்பொழுதேயாம். தெருநாய்களால் துரத்தப்பட்டோ மழையில் நனைந்தோ சூல்முதிர்ந்த பூனையொன்று ஒரு சைவ இல்லத்திற் புகலடைந்ததாயின், அவ்வில்லத்தார் செய்யக்கடவது யாது? இரங்கி ஏற்றுக்கொள்க என்று விடைகூறுதல் எளிது. அவ்விடையினுள்ளே ஒரு முள் உண்டு. பூனை புலாலுண்ணும் உயிர். இல்லமோ புலாலைத் தலைவாயிலிலும் புகவிடாதது. இவ்விரண்டும் எங்ஙனம் ஒத்து நிற்கும் என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

அதற்குமுன் ஒரு தடையை நீக்குவாம். "அவ்வுயிர் தன் வினைப்பயனை நுகர்ந்தே கழித்தல் வேண்டும், இடையே நாம் புகுதல் எற்றிற்கு?" என்பார் சிலர். அஃது அமையாது. என்னை? வினை சடமாகலின் தானே சென்று பயன்தரமாட்டாது; பயனைக் கூட்டுவிப்பான் இறைவன். அவன் அதற்கு நாயின் பல்லை வாயிலாகக் கொள்ளலாமெனின், ஒருவன் திறந்த கதவையும் கொள்ளலாகாதோ? பூனையின் வினை இன்னதென யாம் அறியோம். கதவை அடைப்பது நம் செயல் என்பதை மட்டும் நன்கறிவோம்.

இனி முள்ளாகிய உணவிற்கு வருவாம். நம் இல்லங்கள் பலவற்றிற் பூனைக்குப் பாலும் தயிர்ச்சோறும் இட்டு, அதனோடு கடமை முடிந்ததாகக் கருதுகின்றனர். அன்பினாற் செய்யப்படுவதே யெனினும் இஃது அறிந்து செய்யப்படுவதன்று. மனிதன் உடம்பு தனக்கு வேண்டுவன சிலவற்றை மரக்கறியினின்றும் ஆக்கிக்கொள்ளும்; பூனையின் உடம்பிற்கு அவ்வாற்றல் இல்லை. கீரையிலும் கேரட்டிலும் உள்ள சத்தை அது வைட்டமின் ஏ ஆக மாற்றவல்லதன்று. டாரின் என்னும் சத்தையும் போதிய அளவு ஆக்கிக்கொள்ளாது. அஃது ஊனிலும் மீனிலுமே மிகுதியாக உள்ளது. அது குறையின் பூனையின் கண் கெடும் என்பதை 1975-ஆம் ஆண்டிலும், இதயம் தளர்ந்து வீங்கும் என்பதை 1987-ஆம் ஆண்டிலும் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். சூற்பூனைக்கு அக்குறை நேரின் கரு உள்ளேயே கரைதலும், குட்டிகள் இறந்து பிறத்தலும், பிறந்தவை வளர்ச்சி குன்றுதலும் உண்டாம். பசும்பாலோ, வளர்ந்த பூனைகள் பலவற்றிற்குச் செரியாது கழிச்சல் தருவது. ஆகவே, கருவுற்ற பூனையை வீட்டினுள் அடைத்துத் தயிர்ச்சோறு மட்டும் இடுவோர் கொல்லாமை காத்தவராகார். கடையில் நிகழும் கொலையை விலக்கி, அதனிடத்தில் கருப்பையினுள் நிகழும் சாவை வைத்தவரேயாவர்.

அற்றேல், மீனை விலைகொடுத்து வாங்கலாமோ எனின், வாங்குவாரின்றி விற்பாரில்லை என்னும் நியாயம் திருக்குறளிற் புலான்மறுத்தல் அதிகாரத்துள்ளே நிற்கின்றதன்றோ? அதனினின்றும் தப்ப யாம் வழி காணவில்லை. "கடைக்காரன் கழித்த தலையும் வாலுந்தானே" என்றும், "தகரத்தில் அடைத்து வருவதுதானே" என்றும் சொல்லித் தம்மைத் தேற்றிக்கொள்வார் உளர். அங்கும் ஓருயிர் நீங்கியே இருக்கின்றது. புலால் சேராது செயற்கை டாரின் கூட்டிய பூனையுணவும் சில நாடுகளில் விற்கப்படுகின்றது. அது நற்செய்தியே, ஆயினும் கருச்சுமந்தும் பாலூட்டியும் நிற்கும் காலமே பூனைக்கு உணவின் தேவை மிக்க காலமாகலின், கால்நடை வைத்தியரைக் கேளாது அப்பொழுது அதனைச் சோதித்தல் தகாது.

எம் கருத்து இது. நம் நாவிற்கென வாங்குதல் வேறு. ஊனின்றி வாழமாட்டாததாய் நம்மை வந்தடைந்த உடம்பொன்றிற்கு அளவறிந்து ஊட்டுதல் வேறு. விதியும் விலக்கும் மக்களை நோக்கி எழுந்தன, பூனையை நோக்கி எழுந்தனவல்ல. எனினும் அவ்வூட்டுதல் குற்றமற்றதென்று சொல்ல யாம் துணியோம். இரண்டனுள் சிறிய குற்றத்தைத் தெரிந்து மேற்கொள்கின்றோம் என்னும் உணர்வோடே அதனைச் செய்தல் வேண்டும். இதற்கு மனம் ஒருப்படாத இல்லத்தாரைக் குறைகூறோம். அவர் செய்யற்பாலது பூனையைத் தெருவிற் போக்குதலன்று. ஈனுநாள் நெருங்குமுன்னரே அவ்வுணவு கொடுக்கும் வேறோர் இல்லத்திற் சேர்ப்பித்தலாம். அங்ஙனம் சேர்ப்பித்தமையால் தம் கை முற்றும் தூயதாயிற்றென்று எண்ணுதல் மட்டும் வேண்டா.

திருவிளையாடற் புராணத்துப் பன்றிக்குட்டிக்கு முலைகொடுத்த படலத்தை ஈண்டு நினைவுகூர்தல் தகும். தாயை இழந்த 12 குட்டிகளின் பசிக்கு இரங்கிய ஆலவாய்ப் பெருமான் அவற்றிற்கு ஆவின் பாலை அனுப்பினானல்லன். தாய்ப்பன்றியின் வடிவையே தான் கொண்டான். அப்பாலால் அவை பின்னர் அறிவும் ஆற்றலும் பெற்றமை வேறு செய்தி. முதற்கண் இறைவன் இறங்கிவந்தது அக்குட்டிகளின் உடம்பிற்கு ஏற்ற நிலைக்கே என்பதை நோக்குக. கண்ணப்பர் வரலாற்றையும் இவ்விடத்திற் சான்றாகக் காட்டுவார் உளர். அது பொருந்தாது, ஆண்டுப் பேசப்படுவது அன்பின் மிகுதியேயன்றி உணவின் தகுதியன்று.

உணவு துணியப்பட்டபின் ஏனையவை அரியனவல்ல. பூனை கருச்சுமப்பது ஏறக்குறைய 63 முதல் 65 நாள். தெருவினின்றும் வந்ததற்கு நாட்கணக்கு அறியவாராமையின், வயிறு பருத்துத் தோன்றியவுடனே ஆயத்தம் தொடங்குக. சந்தடியற்றதும் காற்று நேரே வீசாததுமான ஒரு மூலையில் பெட்டியொன்றை வைத்து, நூல் பிரியாத பழைய பருத்தித் துணியை விரித்து, பூனை அதனிற் படுத்துப் பழகுமாறு இரண்டு வாரம் முன்னரே விடுதல் நன்று. குட்டிகள் உருண்டு வெளிவீழாதபடி பெட்டியின் வாயில் சில அங்குல உயரம் இருத்தல் வேண்டும். உணவுக்கலத்தை அடுக்களைக்கும் பூசையறைக்கும் அப்பால் தனியே வைப்பின் இல்லத்தின் ஆசாரமும் கெடாது. பெட்டி பூசையறைக்குச் சேய்மையில் இருத்தற்கு மற்றொரு காரணமும் உண்டு. கற்பூரம் பூனைக்கு நஞ்சு. நிலம் துடைக்கும் பினாயிலும் அத்தகையதே. பூசையை நிறுத்துக என்றோமல்லோம், பெட்டியைத் தள்ளிவைக்க என்றோம். இல்லத்திற் கருவுற்ற பெண்மணி இருப்பின் பூனையின் மலத்தை அவர் தொடலாகாது. அதனாற் பரவும் ஒரு நோய் வயிற்றுக் குழவியைத் தாக்கவல்லதாகலின், பிறர் நாள்தோறும் அதனை அகற்றுக.

கருவில் வளரும் உயிர் மாதந்தோறும் தப்பிவரும் இடர்களை மாணிக்கவாசகர் போற்றித்திருவகவலில் எண்ணிக் காட்டினார். அங்ஙனம் தப்பிவந்த உயிர்க்கு இறுதி இடர் பிறக்கும் பொழுதேயாம். ஈனுதற்கு ஒருநாள் முன்னர்ப் பூனையின் உடற்சூடு 100 பாகை பாரன்ஹீட்டிற்குக் கீழே இறங்கும். உணவை வெறுத்துப் பெட்டியைக் கீறும். அப்பொழுது அருகிருந்து பார்த்தலே நம் தொழில். பிடித்திழுத்தலும் விளக்கேற்றி ஊரைக் கூட்டுதலும் நம் தொழிலல்ல. திரிசிராப்பள்ளியிலே, காவிரி வெள்ளத்தால் தாய் வரத் தாழ்த்தபொழுது பெருமானே தாய்வடிவிற் சென்று செட்டிப்பெண்ணின் பேறுகாலத்தில் உதவினான். உண்மைத் தாய் வந்தவுடன் மறைந்தான். வேண்டும்பொழுது கைகொடுத்து, வேண்டாதபொழுது விலகுதல் என்னும் அம்முறையே ஈண்டும் கொள்ளத்தக்கது. குட்டியைப் பொதிந்த சவ்வைத் தாய் உடனே நக்கிக் கிழிக்காவிடின், தூய துணியால் மூக்கினின்றும் அதனை அகற்றி மெல்லத் தேய்த்து மூச்சு வருவித்தல் கைகொடுக்கும் இடம். அரைமணி நேரம் வலிந்து முக்கியும் குட்டி வாராதாயின் வைத்தியரிடம் கொண்டுசெல்லுதல் மற்றோரிடம். அவர் இருக்கும் இடத்தையும், இரவில் வருவாரோ என்பதையும் முன்னரே விசாரித்து வைக்க.

பிறந்த குட்டிகளுக்குத் தாமே உடற்சூடு காக்கும் ஆற்றல் இல்லை. 7 முதல் 14 நாள்வரை கண்ணும் திறவா. தாய் மடியே அவற்றிற்கு உலகம். அடுத்தடுத்துத் தொட்டுக் காட்டி விளையாடின், தாய் அவற்றைக் கழுத்திற் கௌவி வேறிடம் கொண்டுபோகும்.

குட்டிகள் பால்மறந்தபின் தாய்க்குக் கருத்தடை செய்வித்தல் உயிர்கள் பிறவியெடுத்துப் பக்குவமடைதலைத் தடுத்தலாகாதோ என வினவுவார்க்கு விடை சிறிது. ஓருயிர்க்கு உடம்பு கொடுக்க இறைவன் நம் வீட்டுப் பூனையொன்றையே நம்பியிருக்கின்றானல்லன். அன்றியும் பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் மேற்சொன்ன உணவே வேண்டும்; அக்கடனைப் பெருக்குதல் அறமாகாது. குட்டிகளை ஏற்பாரைத் தாய் ஈனுமுன்னரே தேடி, தயிர்ச்சோறு இவற்றிற்குப் போதாதென்பதையும் அவர்க்கு வெளிப்படச் சொல்லி, இசைந்தார்க்கே இரண்டு மாதம் நிரம்பியபின் கொடுக்க.