பூவில்லாத வாசனை

பூவை வைத்துக்கொள்கிறோம், ஸென்ட்டைப் போட்டுக்கொள்கிறோம். வைத்துக்கொண்டதை எடுத்துவிடலாம். போட்டுக்கொண்டது தோலோடு சேர்ந்து, உடம்பின் சூட்டில் மாறி, சாயங்காலத்துக்குள் வேறொன்றாகிவிடுகிறது. மல்லிகை மணமுள்ள ஒரு ஸென்ட்டைச் சில வருஷங்களாகப் போட்டுக்கொண்டுவரும் எனக்கு இந்த வித்தியாசம் வெறும் சொல் சம்பந்தப்பட்டதாகத் தோன்றவில்லை.

வாசனையின் மேல் கான்ட்டுக்கு மரியாதை கிடையாது. தீர்ப்புத்திறன் பற்றி 1790ல் அவர் வெளியிட்ட விமர்சன நூலில், சங்கீதத்தைக் குறைசொல்ல வந்த இடத்தில், வாசனைக் கைக்குட்டை ஒன்றை உவமையாக இழுக்கிறார். பையிலிருந்து அதை எடுப்பவன் சுற்றியிருக்கும் எல்லோரையும், அவர்கள் விருப்பம் கேட்காமல், அனுபவிக்க வைத்துவிடுகிறான். மூச்சுவிட வேண்டுமானால் அனுபவித்தே ஆகவேண்டும். 1798ல் வந்த மானிடவியல் நூலில் இன்னும் கறாராகிவிடுகிறார்: முகர்தல் சுதந்திரத்துக்கு விரோதமானது என்கிறார்.

சங்கீத ரஸிகர்கள் அவருடன் வேறு கணக்குத் தீர்த்துக்கொள்ளட்டும். எனக்கு இடறுவது இந்த வாதத்துக்கு அடியில் இருக்கும் அனுமானம். கைக்குட்டை வெளியே வரும்வரை அந்த அறையில் யாருக்கும் சொந்தமில்லாத, மணமற்ற காற்று இருந்தது என்பது அது. அப்படி ஒரு காற்று கோனிக்ஸ்பெர்க்கிலும் இருந்திருக்காது. மதுரையில் ஒரு டவுன் பஸ்ஸில் ஏறினால் டீசல், வியர்வை, தேங்காய் எண்ணெய், நேற்றைய பூ, ஜன்னல் வழியாகச் சாக்கடை எல்லாம் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருக்கின்றன. இவற்றில் எது சகிக்கக்கூடியது, எந்த உடம்பிலிருந்து விலகி உட்காரவேண்டும் என்பதெல்லாம் நாம் பிறக்கும் முன்பே தீர்மானமாகிவிட்டது. அந்தத் தீர்மானத்தில் ஜாதிக்கு இருக்கும் பங்கை மூக்கின் தலையில் கட்டிவிட்டுச் சும்மா இருக்கிறோம்.

மூக்கு அவ்வளவு தெளிவான நீதிபதியும் இல்லை. மல்லிகையின் மணத்தில் இண்டோல் என்ற பொருள் சிறிதளவு இருக்கிறது, மலத்திலும் இருப்பதுதான். அதை நீக்கிவிட்டுச் செய்யும் மல்லிகை வாசனை சோகை பிடித்ததாக, சோப்பு மாதிரி இருக்கும். பழைய தமிழில் நாற்றம் என்றால் நறுமணம். இன்று அதே சொல்லை யார் மேலாவது பிரயோகித்தால் சண்டை வரும். சொல் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போய்விட்டது. பூ மட்டும் இரண்டையும் வைத்துக்கொண்டு அப்படியே இருக்கிறது.

பூவிலிருந்து புட்டிக்கு வரும் வழியையும் சொல்லவேண்டும். குண்டுமல்லியைக் காலையில் மொட்டாகப் பறிக்கிறார்கள். மொட்டில் மணம் இல்லை. அதனால் பரப்பி வைத்து, இருட்டி இதழ் விரிந்த பிறகுதான் ஹெக்ஸேனில் ஊறப்போடுகிறார்கள். மெழுகு மாதிரி ஒன்று மிஞ்சுகிறது. அதை ஆல்கஹாலில் கரைத்து வடித்தால் கடைசிச் சாரம். பிச்சிப்பூவானால் 1000 கிலோவுக்கு ஏறக்குறைய 3 கிலோ மெழுகு. சாரம் அதில் பாதியளவு. மலிவான ஸென்ட்டுகளில் இதுகூடக் கிடையாது. எல்லாம் ரசாயனச் சாலைத் தயாரிப்பு. என்னுடையதும் அந்த ஜாதிதான் என்று நினைக்கிறேன்.

இந்தப் பயணத்தில் பூ தன் உருவத்தை இழக்கிறது. உருவத்தோடு அதன் இலக்கணமும் போய்விடுகிறது. தலையில் இருக்கும் மல்லிகைச் சரம் ஒரு வாக்கியம். 'இவளுக்குப் புருஷன் இருக்கிறான்' என்றோ, 'இனி வருவான்' என்றோ வாசிக்கப்படும் வாக்கியம். வைத்துக்கொண்டவள் பார்க்க முடியாத இடத்தில், அவள் பின்னந்தலையில், மற்றவர்களுக்காக எழுதப்பட்டது. என் கணவர் போன பிறகு நான் பூ வைத்துக்கொள்வதில்லை. யாரும் தடுக்கவில்லை; தடுக்கவேண்டிய அவசியம் யாருக்கும் ஏற்படவில்லை என்பது இன்னும் சரி. ஸென்ட்டைப் பற்றி எந்த சாஸ்திரமும் என்னிடம் பேசவில்லை. அது புட்டியில் இருக்கிறது, பவுடர் மாதிரி.

ஆனால் பஸ்ஸில் பின்னால் நிற்பவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? மணம் எட்டியதும் கண் என் தலைக்குப் போகிறது. பூவைத் தேடுகிறது. இல்லை. பிறகு நெற்றிக்கு வருகிறது. அங்கேயும் எதிர்பார்த்தது இல்லை. ஒரு கணம் வாக்கியம் குழம்புகிறது. அந்தக் கணத்தில் நான் பொய் சொல்கிறேனா? சொல்லாத வாக்கியத்துக்கு நான் பொறுப்பில்லை என்று வாதாடலாம். வக்கீல் வாதம். மல்லிகை மணம் நம்மூரில் என்ன சொல்லும் என்று தெரிந்துதான் போட்டுக்கொள்கிறேன். கான்ட் சொன்ன பலாத்காரம் இங்கே உண்டு; ஆனால் நான் திணிப்பது ஒரு வாசனையை அல்ல, ஒரு சந்தேகத்தை. வெறுந்தலை எல்லோர் மேலும் திணிக்கும் நிச்சயத்துக்கு அது எவ்வளவோ தேவலை என்று எனக்குப் படுகிறது.

இதில் வேடிக்கை, எனக்கே அது தெரிவதில்லை. கால்மணி நேரத்தில் மூக்கு பழகி மறந்துவிடுகிறது. மற்றவர்கள் கண் திரும்புவதை வைத்துத்தான் மணம் இன்னும் இருக்கிறது என்று தெரிந்துகொள்கிறேன். அப்படியானால் இதை யாருக்காகப் போட்டுக்கொள்கிறேன் என்ற கேள்வியை, எனக்காக என்று சுலபமாகச் சொல்லித் தப்ப முடியாது.

பத்தொன்பது வயதில் தாலி இழந்த என் பெரியம்மா ஒருமுறை வீட்டுக்கு வந்து தங்கியபோது அலமாரியில் புட்டியைப் பார்த்தாள். திறந்து முகர்ந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. ராத்திரி விளக்கை அணைக்கப் போகும்போது, "கொஞ்சம் இங்க வைடீ" என்று மணிக்கட்டை நீட்டினாள். வைத்தேன். இருட்டில் கை மூக்கருகே போவது வளையல் இல்லாததால் கேட்கவில்லை. மூச்சு நீண்டதை வைத்துத் தெரிந்தது. அவளுக்கும் அது கால்மணி நேரத்தில் நின்றிருக்கும். காலையில் அந்தக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் சமையலறைக்கு வந்தாள்.