சோதனைச்சாலையில் மட்டும் தூய்மை

யாரும் பாராத இடத்தில் நாம் யார் என்பது பழைய கேள்வி. 2015 செப்டம்பரில் அதை ஒரு மோட்டார் வண்டி எழுப்பியது. ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் 'தூய டீசல்' என்று விளம்பரப்படுத்தி அமெரிக்காவில் விற்ற வண்டிகளில் கள்ள நிரல் ஒன்று இருந்ததாக அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அறிவித்தது. ஸ்டியரிங் திரும்பாமல் சக்கரங்கள் மட்டும் சுழன்றால் அது சோதனைச்சாலை என்று நிரல் உணர்ந்துகொள்ளும்; புகை முழுமையாகச் சுத்திகரிக்கப்படும். சாலைக்கு வந்ததும் சுத்திகரிப்பு தளரும். நைட்ரஜன் ஆக்சைடுகள் சட்ட வரம்பைவிட 40 மடங்கு வரை வெளியேறின. உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் வண்டிகளில் இத்தகைய நிரல் இருந்ததை நிறுவனமே ஒப்புக்கொண்டது.

பொய்யைவிட நம்மை உறுத்துவது அதன் பின்னிருந்த திறமையே. அவ்வண்டியால் தூய்மையாக ஓட முடியும்; சோதனைச்சாலையில் ஓடிக் காட்டியதே! எப்போதும் அப்படி ஓடினால் வடிகட்டி விரைவில் தேயும். சில வண்டிகளில் யூரியாக் கரைசலை அடிக்கடி நிரப்ப நேரும். வாங்கியவர் முகம் சுளிப்பார். இச்சிறு தொந்தரவைத் தவிர்க்கவா ஊராரின் நுரையீரலைப் பணயம் வைத்தார்கள்?

பொய் சொன்னவர் யார்? வண்டிக்கு மனச்சான்று இல்லை. நிரல் எழுதியவர் மேலதிகாரியைச் சுட்டலாம். தலைமை நிர்வாகியோ, தம்மளவில் தவறேதும் அறியேன் என்று கூறியபடியே பதவி விலகினார். 2017இல் அமெரிக்க நீதிமன்றம் ஒரு பொறியாளருக்கு 40 மாதச் சிறைத்தண்டனை விதித்தது.

அந்நிறுவனம் இன்று மின்வண்டிகளும் செய்கிறது. அவற்றுக்குப் புகைக்குழாயே இல்லை. புகையைக் குறித்துப் பொய்யும் இல்லை. மின்கலங்களுக்கு வேண்டிய கோபால்ட்டின் பெரும்பகுதி தோண்டப்படும் காங்கோ நாட்டுச் சுரங்கங்களோ, வண்டி விற்கும் கூடத்திலிருந்து நம் கண்ணுக்கு எட்டுவதில்லை.