தப்பின் அடியும் கட்டளையின் பொருளும்

கட்டளையின் பொருள் அதன் ஒலியிலேயே உறைகிறதா, கேட்பவர் ஏற்ற வழக்கத்தில் இருக்கிறதா? சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவு என்றும் உள்ளது என்றது மீமாம்சைத் தத்துவம். வகுத்துக்கொண்ட குறியீடே என்றது நியாயத் தத்துவம். இலங்கையின் அட்டன், நுவரெலியாத் தேயிலைத் தோட்டங்களில் முழங்கும் தப்பு என்னும் பறை நியாயத்தின் பக்கம் சாட்சி சொல்கிறது. விடியலில் ஆட்களைப் பிரட்டுக்களத்துக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, அழைத்ததும், காமன்கூத்தில் ஆடவைப்பதும், சாவு வீட்டில் முழங்குவதும் அதே தோல்தான், அடிதான் வேறு. அடியின் கணக்குத் தெரியாதவருக்கு அது வெறும் சத்தம்.

இதே கேள்வி கணினியிலும் எழுகிறது. லினக்ஸ் இயங்குதளத்தில் கருவிக்குப் போகும் கட்டளை (ioctl) ஓர் எண். தரவின் திசை, அளவு, கருவியின் வகை, வரிசை எண் நான்கும் பொதுவாக அதன் 32 பிட்டுக்குள் பொதிந்திருக்கும். பொருள் எண்ணுக்குள்ளேயே இருக்கிறதே, மீமாம்சை வென்றதல்லவா என்று கேட்கலாம். இல்லை, பிட்டுகளைப் பங்கிட்டதே உடன்பாடுதான். பெரும்பாலான சில்லுகளில் திசைக்கு 2 பிட், அளவுக்கு 14. பவர்பிசியில் 3, 13. நினைவக முகவரியின் நீளமும் 32 பிட் நிரலுக்கு 4 பைட், 64 பிட்டுக்கு 8. அதனால் அளவு மாறி எண்ணும் மாறுகிற இடங்களில், பழைய நிரலின் கட்டளையைப் பெயர்த்துச் சொல்ல இடையில் ஒரு பகுதி வேண்டியிருக்கிறது. வழக்கம்தானே, நினைத்தபடி மாற்றலாமே என்றால், அதுவும் ஆகாது. அதை நம்பி நடப்பவர் இருக்கும்வரை, வகுத்தவரையும் அது கட்டும். உடன்பாடு அறமாவது அங்கேதான்.