மாடியின் கைப்பிடிச்சுவர்



வாடகை வீட்டை விட்டுச் சொந்த வீட்டிற்குக் குடிபோன குடும்பங்கள் நமது பங்கில் பல உண்டு. கடன் வாங்கி, நகையை அடகு வைத்துக் கட்டிய வீடு. குருவானவர் தீர்த்தம் தெளித்து மந்திரித்த அன்று, இனி ஒரு கவலையும் இல்லை என்றே எல்லோரும் எண்ணினார்கள். முதல் ஐப்பசி மழையிலேயே அந்த எண்ணம் கரைந்தது. மாடியில் தண்ணீர் தேங்கிக் கூரையின் உட்புறம் ஈரம் படர்கிறது. கதவு நிலையில் கரையான் ஏறுகிறது. கொல்லையில் புல் வெட்ட வெட்ட முளைக்கிறது. முன்பெல்லாம் வீட்டுக்காரரைக் குறை சொன்னோம். இப்போது குறை சொல்ல வேறு ஆளில்லாமல் புருஷன் மனைவியை நோகிறான், மனைவி புருஷனை நோகிறாள். “ஏன்தான் கட்டினோமோ” என்ற முறுமுறுப்பு, செபமாலை சொல்லும் வாயிலிருந்தே வருகிறது.

இதற்கும் வேதத்திற்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? உபாகமம் 22-ம் அதிகாரம் 8-ம் வசனத்தைப் பாருங்கள். புது வீடு கட்டுகிறவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் எழுப்ப வேண்டும். எழுப்பாமல் விட்டு யாரேனும் விழுந்து மடிந்தால், அந்த இரத்தப்பழி அவ்வீட்டின்மேல் வரும் என்று சர்வேசுரன் மோயீசன் வழியாகக் கற்பித்தார். அந்நாட்டு வீடுகளும் நம்முடையவை போல மொட்டைமாடி வீடுகளே. அர்ச். இராயப்பர் யோப்பா பட்டணத்தில் செபம் செய்ய ஏறியதும் மாடிக்குத்தான்.

இக்கட்டளையின் கருத்தைக் கவனியுங்கள். வீடு உன்னுடையதுதான், ஆனால் அதைப் பேணாததால் பிறருக்கு வரும் தீங்கிற்கு நீ உத்தரவாதி. ஆகவே வீட்டைப் பேணுவது வெறும் தொல்லையல்ல, அது பிறர்சிநேகக் கிரியை.

கொல்லையில் கிடக்கும் சிரட்டையிலும் பழைய டயரிலும் மூடாத தொட்டியிலும் தேங்கும் தண்ணீரில்தான் டெங்குக் கொசு முட்டையிடுகிறது. ஏறக்குறைய 10 நாளில் அது கொசுவாகிப் பறக்கிறது. வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டித் தொட்டியைத் தேய்த்துக் கழுவினால் வளராது. உங்கள் சிரட்டையில் பிறந்த கொசு அடுத்த வீட்டுத் தொட்டிலில் கிடக்கும் பிள்ளையைக் கடித்தால், “அது என் கொல்லை, என் இஷ்டம்” என்று ஆண்டவர்முன் சொல்ல முடியுமா?

சுவர் வெடிப்பில் பறவையின் எச்சத்திலிருந்து முளைக்கும் அரசங்கன்றைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு இலை விட்டிருக்கும்போது விரலால் வேரோடு பிடுங்கிவிடலாம். சில வருஷம் விட்டால் சுவரையே இடிக்க வேண்டும். குடும்பத்தில் மனஸ்தாபமும் அப்படியே. கூரை ஒழுகுவது யார் குற்றம் என்று அன்று இரவே பேசி மன்னித்துவிட்டால் அது சிறு செடி. மனதில் வைத்து வளர்த்தால், கூரையைச் செப்பனிட்ட பிறகும் குடும்பம் ஒழுகிக்கொண்டே இருக்கும்.

ஆகையால் சனிக்கிழமைதோறும் குடும்பமாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். தகப்பன் மாடித் தூம்பில் அடைத்த சருகை வாரட்டும். பிள்ளைகள் சிரட்டைகளைக் கவிழ்க்கட்டும். எல்லாச் சுமையையும் தாயின் தலையில் ஏற்றாதீர்கள். கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் அன்றன்றைய கூலியை அன்றே கொடுங்கள். அதுவும் உபாகமம் 24-ம் அதிகாரத்திலுள்ள கட்டளையே. ஞாயிற்றுக்கிழமைப் பூசையை வீட்டு வேலைக்குப் பலியிடாதீர்கள். உங்கள் தெருவில் தனித்திருக்கும் விதவையின் ஓடு உடைந்திருந்தால், உங்கள் ஏணியை அங்கேயும் கொண்டுபோங்கள்.

தச்சராகிய அர்ச். சூசையப்பர் திருக்குடும்பத்திற்காகக் கைகளால் உழைத்தார். முறுமுறுத்ததாகச் சுவிசேஷத்தில் எங்கும் காணோம். நமது வீடுகளில் பொறுமையும் சமாதானமும் நிலைக்க அவர் நமக்காக வேண்டிக்கொள்வாராக.

ஆமென்.